வயோலாத் தாளில் ஒரு வரி

ஜசிந்தா அக்கா என் பெரியம்மாவின் மகள். அவருக்குக் கோபம் வந்தால் பென்சில் பிடிப்பவர்களைத்தான் திட்டுவார். கிழக்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரம். அங்கே பழைய இத்தாலிய ஓபராக்களின் இசைத்தாள்களைக் காக்கும் ஆவணக்காப்பகத்தில் அவருக்கு வேலை. மூலத்தாள்கள் பெட்டியை விட்டு நகராது. பிரதிகள்தான் இசையரங்குகளுக்கு இரவல் போகும். வாசிப்பவர்கள் ஓரத்தில் பென்சிலால் எதையாவது கிறுக்குவார்கள். அழித்துவிட்டுத் திருப்ப வேண்டும் என்பது விதி. யார் அழித்தார்கள்? எல்லாம் அக்கா தலையில்தான் விடியும்.

அத்தான் இறந்த பிறகும் அவர் அந்த ஊரை விட்டு வரவில்லை. அங்கே வேறு தமிழர் கிடையாது. நான் இருக்கும் டோர்ட்மண்டுக்கு வரச்சொல்லி ஞாயிறுதோறும் போனில் கெஞ்சுவேன். "வேலையை விட்டிட்டு எப்பிடியடி வாறது?" என்பார். பிடிவாதத்தில் அவரை அடிக்க ஆளில்லை.

போன வசந்தத்தில் ஓர் இசையரங்கிலிருந்து ஒரு கட்டு திரும்பி வந்தது. வயலினைவிடச் சற்றுப் பெரிய வயோலாவுக்கான தாளில், மெதுவான பாட்டு தொடங்கும் இடத்தில், தமிழில் ஒரு வரி: "ஓடாதை. ஆறுதலா வா."

வேகம் பிடிக்காமல் நிதானமாக வாசிக்கவேண்டும் என்று வாசித்தவன் தனக்குத்தானே எழுதிக்கொண்டது, அவ்வளவுதான். ஆனால் அக்காவிடம் அப்படிச் சொல்ல ஒருவரும் இல்லாமல் எத்தனை காலம்! ரப்பரை வைத்துவிட்டு அழுதிருக்கிறார். பிறகு அந்த அரங்குக்குப் போன் எடுத்தார். வாசித்தவன் பெயர் லக்ஸன், எண் தர முடியாது, செய்தி இருந்தால் சொல்லிவிடுகிறோம் என்றார்கள்.

பென்சில் அடையாளங்களை அழித்துவிட்டு அனுப்பச் சொல்லுங்கள் என்று அக்கா ஜெர்மனில் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னீங்கள்?" எனக்கு ஆத்திரம் வந்தது.

"வேறை என்னத்தைச் சொல்லுறது? முன்பின் தெரியாத பிள்ளையிட்டை, எனக்கு ஆளில்லை, வந்து கதை எண்டே சொல்லுறது?"

லக்ஸனிடமிருந்து காப்பகத்துக்கு ஜெர்மனில் ஒரு மன்னிப்பு வந்தது. புகார் சொன்னது ஒரு தமிழச்சி என்று அவனுக்கு எப்படித் தெரியும்?

அக்கா அந்த வரியை அழிக்கவில்லை. இலையுதிர்காலத்தில் அதே அரங்கு அதே ஓபராவை மறுபடி கேட்டபோது, வரியோடேயே அனுப்பினார். யாரோ படித்திருக்கிறார்கள், படித்தும் விட்டுவைத்திருக்கிறார்கள் என்று அவனுக்குப் புரியாதா? அந்த மாதம் முழுக்க என்னோடு பேசும்போதெல்லாம் குரலில் ஒரு துள்ளல்.

கட்டு திரும்பி வந்த அன்று, ஞாயிறு வரை பொறுக்காமல் அவரே போன் எடுத்தார். அந்த வரி இருந்த இடம் வெள்ளை வெளேரென்று இருக்கிறதாம்.

"இவ்வளவு காலத்திலை," என்றார் அக்கா, "இந்தப் பிள்ளை ஒருத்தன்தானடி நான் சொன்ன சொல்லுக் கேட்டிருக்கிறான்."