அம்மாவுக்கு வேற ஹால்

ஒன்பது வயதில் எனக்கு ஒரு திறமை இருந்தது. பார்த்த படத்தின் கதையை முதல் காட்சியிலிருந்து கடைசிக் காட்சி வரை, பாட்டையும் சண்டையையும் விடாமல், கேட்பவர் எழுந்து போனாலும் நிறுத்தாமல் சொல்வேன். அதற்காக என்னைப் பாராட்டாதவர்கள் யாரும் எங்கள் தெருவில் கிடையாது. எதிர்ப்பட்டால் வேறு சந்தில் திரும்பிப் போனவர்கள் சிலர் உண்டு.

எங்கள் ஊர் திருப்பனந்தாளுக்குப் பக்கம். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து விவசாயம் பார்த்தார்கள். சேர்ந்து என்றால், பெரியப்பா சொல்வார், அப்பா செய்வார். வீடுகள் தனித்தனி, ஆனால் அடுத்தடுத்து. அந்த வருஷம் பெரியம்மா தன் மகளின் பிரசவத்துக்காகச் சென்னைக்குப் போயிருந்ததால் பெரியப்பாவுக்கு மூன்று வேளையும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு.

குறுவை நடவு மும்முரமாக இருந்த நேரத்தில் அம்மா, சனி ஞாயிறு இரண்டு நாள் தஞ்சாவூருக்குப் போய்வர வேண்டும் என்றாள். கல்லூரி விடுதியில் அவளோடு ஒரே அறையில் இருந்த தோழிகள் இரண்டு பேர் அங்கே இருந்தார்கள். மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியே பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறதாம். சனிக்கிழமை சாயங்காலம் கச்சேரி, பிறகு ஹோட்டலில் சாப்பாடு, ஞாயிற்றுக்கிழமை காலையில் சினிமா.

"நடவு நேரத்துல சினிமாவா?" என்றார் பெரியப்பா.

"ஆளுங்களுக்குச் சாப்பாடெல்லாம் சொல்லி வச்சுட்டேங்க. ஞாயித்துக்கிழமை இருட்டறதுக்குள்ள வந்துடுவேன்."

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். அப்பா காலில் காய்ந்திருந்த சேற்றைச் சுரண்டிக்கொண்டிருந்தார். "அப்ப பாப்பாவையும் கூட்டிக்கிட்டுப் போ" என்றார் பெரியப்பா. என் மேல் அவருக்கு எவ்வளவு பிரியம் என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

தஞ்சாவூரில் நாங்கள் தங்கியது வங்கியில் வேலை பார்த்த தோழியின் வீட்டில். பேருந்து நிலையத்துக்கே ஸ்கூட்டரில் வந்து எங்களை ஏற்றிக்கொண்டதால் அவரை ஸ்கூட்டர் ஆன்ட்டி என்றேன். இன்னொருவர் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். "வாடி, எவ்வளவு இளைச்சுட்ட!" என்று அவர் அம்மாவைக் கட்டிக்கொண்டபோது எனக்குத் திக்கென்றது. என் அம்மாவை ஒருத்தர் 'டி' போட்டுக் கூப்பிட முடியும் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அம்மா அதற்குக் கோபப்படாமல், "நீதான்டி நல்லா பெருத்துட்ட" என்று பதில் சொன்னாள். அவள் இவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

மத்தியானம் பிரியாணி சாப்பிட்டதும் அம்மா ஓர் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அம்மா தூங்குகிறாள், சத்தம் போடாதே என்றார்கள். சாவித் துவாரத்தில் பார்த்தேன். கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, மடியில் தடிப்புத்தகத்தை வைத்துக்கொண்டு தூங்காமல் இருந்தாள். வெளியூருக்கு வந்தால் பெரியவர்கள் இப்படித்தான் தூங்குவார்கள் போலிருக்கிறது என்று விட்டுவிட்டேன்.

சாயங்காலம் டீச்சர் ஆன்ட்டி பாடும் கச்சேரி. அவர்களுடைய சர்ச் மைதானத்தில் மேடை போட்டு, டிரம்ஸ், கீபோர்டு, வயலின் என்று நிரப்பியிருந்தார்கள். டீச்சர் ஆன்ட்டி பட்டுப்புடவையில் முதல் வரிசையில் நின்று பாடினார். பக்கத்திலிருந்த அம்மாவின் உதடுகளும் அசைந்துகொண்டே இருந்தன. அம்மாவுக்கு இந்தப் பாட்டெல்லாம் தெரியுமா என்று ஆச்சரியமாக இருந்தது. பாட்டு முடிந்து எல்லாரும் கைதட்டியபோதும் உதடுகள் நிற்கவில்லை.

அங்கிருந்து நேராக ஹோட்டல். ஏசி அறை, கண்ணாடி மேஜை. கோபி மஞ்சூரியன், பட்டர் நான், எனக்கு மட்டும் நெய்ரோஸ்ட். சாப்பாடு வருவதற்குள் ஸ்கூட்டர் ஆன்ட்டி ஒரு விளையாட்டைத் தொடங்கினார். அவர் கேள்வி கேட்பார், அம்மா பதில் சொல்ல வேண்டும். அரசியலமைப்பு, வட்டி விகிதம், எந்த அரசன் எந்த ஊரில் எந்தக் கோயிலைக் கட்டினான் என்று கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. அம்மா பட்டர் நானைப் பிய்த்தபடியே சளைக்காமல் பதில் சொன்னாள்.

"தமிழ்நாட்டோட மாநிலப் பறவை?" என்று டீச்சர் ஆன்ட்டி கேட்டார்.

"மரகதப்புறா!" என்று நான் கத்தியதில் பக்கத்து மேஜைக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அம்மா என்னை இழுத்து உச்சந்தலையில் முத்தம் கொடுத்தாள். விளையாட்டில் ஜெயித்தது நான்தான் என்று வைத்துக்கொண்டு ஐஸ்கிரீமும் வாங்கிக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் நான் கண்விழித்தபோது அம்மா குளித்து, தலைவாரி, நீலப்புடவையில் வாசலில் நின்றிருந்தாள்.

"ஹால் டிக்கெட் எடுத்துக்கிட்டியாடி?" என்றார் ஸ்கூட்டர் ஆன்ட்டி.

"எடுத்துக்கிட்டேன்."

"ஆதார்?"

"இருக்கு."

சினிமாவுக்கு ஆதார் அட்டை கேட்கும் அளவுக்குத் தஞ்சாவூர்க்காரர்கள் கறாரானவர்கள் என்று நினைத்துக்கொண்டேன். ஸ்கூட்டர் ஆன்ட்டி அம்மாவைக் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்த பிறகு நாங்கள் மூன்று பேரும் பத்து மணிக் காட்சிக்குப் போனோம். ஒரே கட்டடத்தில் மூன்று திரைகள். நான் முன்வரிசையையும் பின்வரிசையையும் பார்த்துவிட்டு, "அம்மா எங்க?" என்றேன்.

டீச்சர் ஆன்ட்டி பொய் சொல்லாதவர். கொஞ்சம் யோசித்துவிட்டு, "அம்மாவுக்கு வேற ஹால் கண்ணு" என்றார்.

அப்படியானால் அம்மா வேறு படம் பார்க்கிறாள். இரண்டு படமும் நமக்குக் கிடைத்துவிடும், நான் அவளுக்கு ஒன்று சொல்லலாம், அவள் எனக்கு ஒன்று சொல்வாள். திருப்தியாகப் படத்தில் மூழ்கினேன். அண்ணன் தம்பி கதை. தம்பி பட்டணத்தில் பாட வேண்டும் என்கிறான், அண்ணன் கூடாது என்கிறார். நான்கு பாட்டு, மூன்று சண்டை.

மத்தியானம் பேருந்து நிலையத்துக்கு வந்த அம்மா களைத்திருந்தாள். ஆனால் முகம் பளபளவென்றிருந்தது. தோழிகள் இரண்டு பேரும் ஆளுக்கொரு கையைப் பிடித்துக்கொண்டு என்னமோ கேட்டார்கள், அவள் தலையைத் தலையை ஆட்டினாள். பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் நான் ஆரம்பித்தேன்.

"உங்க படம் எப்படிம்மா இருந்துச்சு?"

அம்மா என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். "கஷ்டமா இருந்துச்சு. ஆனா நல்லா இருந்துச்சு."

"எத்தனை சண்டை?"

"இருநூறு" என்றாள் அம்மா.

நமக்குக் கிடைத்தது மூன்றே மூன்று. அய்யம்பேட்டை தாண்டுவதற்குள் அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சொன்னபடியே இருட்டுவதற்குள் வந்துவிட்டோம். இரவுச் சாப்பாட்டுக்கு அப்பாவும் பெரியப்பாவும் உட்கார்ந்தார்கள். அம்மா பரிமாறினாள்.

"என்ன பாப்பா, படம் எப்படி?" என்று பெரியப்பா கேட்டார். கேட்டிருக்கக்கூடாது. சாம்பாரில் தொடங்கி ரசம் வரும்வரை நான் ஓயவில்லை. தம்பி வீட்டைவிட்டுப் போகும் காட்சியில் பெரியப்பா கையில் எடுத்த கவளத்தை வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"அண்ணன் பேச்சைத் தட்டிட்டுப் போறானா?" என்றவர், அம்மாவைப் பார்த்து, "ஏம்மா, நீயும்தான பாத்த. அந்தத் தம்பி செஞ்சது சரின்னா படுது?" என்றார்.

அம்மா கரண்டியோடு நின்றாள். அவளுக்கு உதவ வேண்டியது என் கடமை அல்லவா?

"அம்மாவைக் கேக்காதீங்க பெரியப்பா. அம்மாவுக்கு வேற ஹால். ஹால் டிக்கெட், ஆதாரெல்லாம் எடுத்துக்கிட்டுக் காலையிலயே போயிட்டாங்க. அது கஷ்டமான படம்."

பெரியப்பாவின் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "ஹால் டிக்கெட்டா?"

"பரீட்சை எழுதப் போயிருந்தேங்க" என்றாள் அம்மா. "அரசாங்க வேலைக்கான பரீட்சை."

"போன வருஷமே சொன்னேனே. இந்த வீட்டுப் பொம்பள வேலைக்குப் போய்த்தான் ஆவணுங்கற அளவுக்கு இங்க என்ன கொறஞ்சு போச்சு?"

"ஒண்ணும் கொறையலைங்க. நான் படிச்சிருக்கேன். எழுதணும்னு இருந்துச்சு, எழுதினேன்."

பெரியப்பா அப்பாவைத் திரும்பிப் பார்த்தார். அப்பா குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. பெரியப்பா தட்டிலேயே கையைக் கழுவிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். கேட் சாத்தும் சத்தம் கேட்டது.

கிளைமாக்ஸை இன்னும் சொல்லவில்லையே என்று எனக்கு அழுகை வந்தது.

அப்பா ரொம்ப நேரம் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"எத்தனை கேள்வி?"

"இருநூறு."

"எத்தனை தெரிஞ்சுது?"

"நூத்தி அம்பதுக்கு மேல இருக்கும்."

அப்பா தட்டை நகர்த்தினார். "கொஞ்சம் ரசம் ஊத்து" என்றார்.

மறுநாளிலிருந்து பெரியப்பாவுக்குச் சாப்பாடு கேரியரில் போயிற்று. எடுத்துப்போனவள் நான்தான். கேரியர் காலியாகத்தான் திரும்பி வந்தது, ஆனால் அவர் வரவில்லை. வயலில் அண்ணனும் தம்பியும் வரப்புக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று, நடவாட்களிடம் சொல்வதுபோல ஒருவருக்கொருவர் சேதி சொல்லிக்கொண்டார்கள். பெரியம்மா பேரனோடு திரும்பி வந்த பிறகுதான் இரண்டு வீட்டுக்கும் பேச்சு வந்தது.

அந்தப் பரீட்சையில் அம்மா கொஞ்சத்தில் தவறிவிட்டாள். முடிவைப் போனில் பார்த்தவள், அடுத்த பரீட்சைக்குத் தேதி எப்போது என்று உடனே தேடியதை நான் பார்த்தேன். புத்தகம் இப்போது கூடத்திலேயே, எல்லார் கண்ணிலும் படும்படி கிடந்தது.

வெகு நாட்களுக்கு, நான் வாயைத் திறந்ததால் அம்மா மாட்டிக்கொண்டாள் என்றே நம்பிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு நாளில் "வீட்டில் சொல்லிவிடாதே" என்று ஒரு தரம்கூட அவள் என்னிடம் சொன்னதில்லை என்பது, நானே ஒரு பிள்ளைக்குத் தாயான பிறகுதான் உறைத்தது.

மறு வருஷம் அம்மா மறுபடி தஞ்சாவூருக்குக் கிளம்பினாள். கச்சேரி இல்லை, ஹோட்டல் இல்லை. விடிந்ததும் அப்பா பைக்கைத் துடைத்து நிறுத்தினார். அம்மா புதுப்புடவை கட்டி, தலையில் பூ வைத்துக்கொண்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி பின்னால் ஏறி உட்கார்ந்தாள். பரீட்சை போன வருஷமே முடிந்துவிட்டது, இந்தத் தடவை என்னை விட்டுவிட்டு இரண்டு பேரும் சினிமாவுக்குப் போகிறார்கள் என்று நான் வாசலில் புரண்டு அழுதேன்.

சத்தம் கேட்டுப் பெரியப்பா வெளியே வந்தார். அம்மா பைக்கிலிருந்து இறங்கப் போனாள்.

"இருக்கட்டும், உக்காரு" என்றார். எங்கேயோ பார்த்தபடி, "பேனா ரெண்டா எடுத்துக்க. ஒண்ணு எழுதலன்னாலும் இன்னொண்ணு இருக்கும்" என்றார்.

பைக் தெருமுனையில் திரும்பும்வரை நின்றவர், என்னைத் தூக்கி நிறுத்தினார். "சினிமாவுக்கு இல்ல பாப்பா, அம்மா பரீட்சைக்குப் போறா."

நான் நம்பவில்லை. பரீட்சை என்றால் எனக்குத் தெரியாதா? காலையில் இட்லி இறங்காது, தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட வேண்டியிருக்கும். பாட்டுப் பாடிக்கொண்டு யாராவது பரீட்சைக்குப் போவார்களா?