ஈரல் கொடுக்க வந்தவனின் உபவாசம்

ஜெபசிங்கின் இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட் வந்த அன்று, எங்கள் டயட்டீஷியன் லதா மேடம் அவனைக் கிச்சன் வாசலிலேயே நிறுத்திவிட்டார்.

"உண்மையச் சொல்லுங்க. பொரிச்ச புரோட்டா கடைக்குப் போனீங்களா?"

"இல்ல மேடம்."

"எடை இறங்கியிருக்கு, ஈரல்ல கொழுப்பு ஏறியிருக்கு. துறைமுகத்துக் காத்துல வந்து ஒட்டிக்கிட்டா?"

அவன் தலையைக் குனிந்தபடி வேலைக்குப் போய்விட்டான்.

நான் அப்போது தூத்துக்குடியில் ஓர் ஆஸ்பத்திரியின் டயட் கிச்சனில் சமையல் வேலையில் இருந்தேன். ஜெபசிங் துறைமுகக் குடோனில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். அவன் தகப்பனார் தங்கையா குடித்தவர் அல்ல. பழைய காமாலைக் கிருமி அவருடைய ஈரலைச் சுருக்கிவிட்டது. மகன் தன் ஈரலில் ஒரு பகுதியைக் கொடுத்தால் பிழைக்கலாம் என்றார்கள். தாயார் பாக்கியத்துக்குச் சர்க்கரை வியாதி. வேறு பிள்ளை இல்லை. ஆனால் ஜெபசிங்கின் ஈரலில் கொழுப்பு அதிகம். அதைக் குறைத்தால்தான் மதுரையில் ஆபரேஷன். அதற்காகத்தான் நாங்கள் அளந்து சமைத்தோம்: கோதுமை ரவை, அவித்த பயறு, எண்ணெய் குறைத்த மீன் குழம்பு. வேலைக்குப் போகும் வழியில் அவன் டப்பாவை வாங்கிக்கொண்டு போவான்.

மறுநாள் பாக்கியம் என்னிடம் வந்து அழுதாள். "எஸ்தரக்கா, எம் மவன் புரோட்டா தின்னான்னு சொல்லுதாவளே! அவன் அப்பனுக்காகத் தண்ணிய மட்டும் குடிச்சிக்கிட்டு உபவாசம் இருக்கான். நாள் கணக்கா இருக்கான். அவனையா திருடன்னு சொல்லுதிய?"

ஜெபசிங்கை வரவழைத்துக் கேட்டேன்.

"ஏலே, டப்பா சோத்த என்ன செஞ்ச?"

"கூட வேல பாக்கிற ராஜுக்குக் குடுத்தேன்க்கா. 'உப்பே இல்ல, இதத் தின்னு அந்த ஆஸ்பத்திரியில எவம்லே பொழைக்கான்'னு திட்டிக்கிட்டே தின்னுட்டான்."

"மேடம் கேட்டப்ப வாய தொறக்க வேண்டியதுதானே?"

"உபவாசம் மனுஷருக்குத் தெரியக் கூடாதுல்லாக்கா. கொழுப்பும் சீக்கிரம் கரையும்னு நெனச்சேன்."

அவனைத் திட்ட என்னால் முடியவில்லை. நானும் அப்படித்தான் வளர்ந்தவள். வேதத்தில் சொல்லியிருக்கிறபடி, உபவாச நாளில் எண்ணெய் தேய்த்து, தலை சீவி, யாருக்கும் காட்டாமல் திரிந்திருக்கிறேன்.

நான் விஷயத்தைச் சொன்னதும் லதா மேடம் முதலில் அவனிடம் மன்னிப்புக் கேட்டார். பிறகு உட்கார வைத்துச் சொன்னார். "தம்பி, ஈரலுக்குள்ள ஜீன் ஜீனா வேலைக்கு ஆள் இருக்குன்னு வச்சுக்கோங்க. சீனியும் மாவும் கூடப் போனா, கொழுப்பு செய்யிற ஜீனுங்க வேலைய ஆரம்பிக்கும். நாம அளந்து குடுக்கிற சாப்பாடு அதுங்கள அடக்கி வைக்கும். பட்டினி கிடந்தாலும் அதுங்க அடங்கும், கொழுப்ப எரிக்கிற ஜீனுங்க எந்திரிக்கும். ஆனா அதே நேரத்துல உடம்புல இருக்கிற கொழுப்பெல்லாம் கரைஞ்சு ஈரலுக்குத்தான் வரும். கப்பல் மேல கப்பலா வந்து நின்னா, சரக்கு தூக்க எத்தன கேங் ஆளுங்க இறங்கினாலும் உங்க சரக்கு யார்டு நிரம்பாதா?"

"நிரம்பும் மேடம்," என்றான்.

கூட வந்திருந்த பாக்கியம் விடவில்லை. "நேந்துக்கிட்ட பொருத்தனைய முறிக்கச் சொல்லுதியளா? ஆண்டவரு சும்மா இருப்பாரா?"

மேடம் என்னைப் பார்த்தார். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். "பாக்கியம், ஈரலப் படைச்சதும் அவருதானே? பசிக்கு ஒரு வேலை, சோத்துக்கு ஒரு வேலைன்னு அதுக்குள்ள வச்சதும் அவருதானே? உம் மவன் சாப்பிடுத ஒவ்வொரு வாயும் ஜெபமா இருக்கட்டும்."

அன்று முதல் அவன் கிச்சனிலேயே உட்கார்ந்து சாப்பிட்டான். கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, கடைசிப் பயறு வரை தின்பான். சில நாள் அழுதுகொண்டே தின்பான். வாரங்கள் போயின. அதற்குள் தங்கையாவுக்கு வயிற்றில் நீர் கோத்தது, பிறகு நினைவு தப்பியது. மூன்றாவது ஸ்கேன் நன்றாக வந்தது, கொழுப்பு இறங்கியிருந்தது. ரிப்போர்ட்டை மதுரைக்கு அனுப்பிய அன்றே தங்கையாவுக்கு ரத்தத்தில் கிருமி ஏறிவிட்டது. இரண்டு நாளில் போய்விட்டார். கொடுக்கிறவன் தயாராக நின்றான், வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் கலைந்த பிறகு ஜெபசிங் என்னிடம் வந்தான்.

"எக்கா, நான் மொதல்லயே சாப்பிட்டிருந்தா அப்பா பொழச்சிருப்பாவளா?"

இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆறுதலாக இருந்திருக்கும். ஆனால் அது எனக்குத் தெரியாது. "தெரியலப்பா," என்றேன். "நீ அவுகளுக்காகத்தான் பட்டினி கெடந்த. அது ஆண்டவருக்குத் தெரியும்." அவன் தலையை ஆட்டினான். அவன் அதை நம்பினானா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை.

கிச்சனுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். டப்பாவைக் கையில் கொடுத்துவிட்டால் நம் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். வாங்குகிறவர்களுக்கு உபவாசம், விரதம், நோன்பு ஏதும் இருக்கிறதா என்று கேளுங்கள். அதட்டிக் கேட்டால் பக்தியுள்ளவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். பக்கத்தில் உட்கார்ந்து, மெதுவாகக் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் பதில் சொல்லும்வரை எழுந்திருக்காதீர்கள்.