வந்தாச்சு

நெரிடாவுக்கு ஒரு நாளைக்கு ஒரு வார்த்தை போதும். லான்செஸ்டன் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் போர்வை மடிக்கும் வேலை. இயந்திரங்கள் போடும் இரைச்சலில் அங்கே யாரும் யாரோடும் பேச முடியாது. அது அவளுக்கு வசதியாகவே இருந்தது. பதினைந்து வயதில் பள்ளியை விட்டு ஆப்பிள் கொட்டகை வேலைக்குப் போன நாளிலிருந்து அப்படித்தான். எல்லாவற்றையும் பார்ப்பாள். வாயைத் திறக்கமாட்டாள்.

அவளை சைக்கிள் கூட்டத்தில் சேர்த்துவிட்டவன் லெஸ். தபால்காரனாக இருந்து ஓய்வு பெற்றவன். வேலைக்கு சைக்கிளில் போகிறவளை ஒரு நாள் சிக்னலில் பார்த்து, "ஞாயித்துக்கிழமை எங்களோட வாயேன்" என்றான்.

"எனக்குப் பேச வராது."

"யாரு பேசச் சொன்னா? கடைசி ஆளா வா. மேடு ஏறினதும் முன்னால போறவன் 'எல்லாரும் வந்தாச்சா'ன்னு கத்துவான். நீ திரும்பிப் பாத்துட்டு 'வந்தாச்சு'ன்னு சொல்லு. அதைக் கேட்டாத்தான் அவன் சைக்கிளை இறக்கத்துல விடுவான். அவ்வளவுதான் உன் வேலை."

அந்த ஒரு வார்த்தையைச் சொல்லியே பல வருஷங்களை ஓட்டிவிட்டாள். அவள் சொன்னால் யாரும் மறுபடி எண்ணிப் பார்ப்பதில்லை.

டிசம்பர் மாதம் அது, பூமியின் தென்கோடியில் இருக்கும் அந்தத் தீவுக்குக் கோடைகாலம். டெலோரேனிலிருந்து நாலு பேரும் கிளம்பும்போது நல்ல வெயில். மலையேறி, பெரிய ஏரிக் கரையோடு போய், மியெனாவில் சாப்பிட்டுவிட்டு, மறுபுறம் போத்வெல்லுக்கு இறங்குவதாகத் திட்டம். அங்கே ஹெதரின் மகன் வேனோடு காத்திருப்பான். முன்னால் டேரல், அடுத்து ஹெதர், பிறகு லெஸ், கடைசியில் நெரிடா.

பாதி மலையிலேயே லெஸ் பின்தங்கினான். டேரல் திரும்பிப் பார்த்துச் சிரித்தான்.

"என்ன லெஸ், காலைத் தபால்ல அனுப்பிட்டியா? இன்னும் வந்து சேரலையே."

"பதிவுத் தபால்டா. மெதுவாத்தான் வரும், ஆனா தொலையாது."

"குளிருக்கு ஒரு தடிச் சட்டையாவது எடுத்துட்டு வந்தியா?"

"கோடைகாலத்துல எதுக்குச் சட்டை மூட்டை?"

காட்டுக்குள் நுழைந்ததும் தூறல் பிடித்தது. வளைவு தாண்டினால் வெயில், அடுத்த வளைவில் மழை. மரங்கள் முடிந்து வெட்டவெளி வந்தபோது மேற்கிலிருந்து காற்று அறைந்தது. பின்னாலேயே ஆலங்கட்டி; அதன் பின்னால் மூட்டம். ஹெதரின் முதுகுகூடத் தெரியவில்லை. லெஸ் வேகம் குறைத்து நெரிடாவுக்குப் பக்கத்தில் வந்தான்.

"கையுறை மாட்டிக்கிறேன். நீ போய்க்கிட்டே இரு, பின்னாலயே வரேன்."

உச்சியில் டேரலின் குரல் கேட்டது. "எல்லாரும் வந்தாச்சா?"

அவள் திரும்பிப் பார்த்தாள். மூட்டத்துக்குள் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. லெஸ்ஸின் விளக்கு.

"வந்தாச்சு."

அதன் பிறகு காற்று முதுகில் விழுந்து, மூன்று பேரையும் மியெனா வரை தள்ளிக்கொண்டு போனது. மதுக்கடை வாசலில் கையை ஊதிக்கொண்டே ஹெதர் கேட்டாள். "லெஸ் எங்க?"

நெரிடா சாலையைப் பார்த்தாள். சாலையோரம் பனிக்கம்பம். பனி மூடும் நாளில் ரோடு எங்கே என்று காட்ட நட்டிருக்கும் கம்பம். அதன் தலையில் இருந்த தகடு, போகிற கார் வெளிச்சம் பட்டு வெள்ளையாக மின்னியது.

உச்சியில் அவள் பார்த்த புள்ளியும் இப்படித்தான் மின்னியது.

"நீ வந்தாச்சுன்னியே" என்றான் டேரல். திட்டவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

கைபேசியில் சிக்னல் இல்லை. ஹெதர் கடைக்குள் போன் பண்ண ஓடினாள். ஆம்புலன்ஸ் கீழேயிருந்து ஏறி வர நேரமாகுமாம். கடைக்காரரின் வண்டி ஊருக்குப் போயிருந்தது. டேரலுக்குக் கால் இரண்டும் பிடித்துக்கொண்டு, உட்கார்ந்த படியை விட்டு எழ முடியவில்லை. "நில்லு நெரிடா, தனியாப் போகாத" என்று அவன் சொல்லும்போதே அவள் சைக்கிளில் ஏறிவிட்டாள். அவளுக்கு முன்னால் யாரும் இல்லாமல் அவள் ஓட்டுவது அதுதான் முதல் தடவை.

வரும்போது முதுகைத் தள்ளிய காற்று இப்போது நெஞ்சைப் பிடித்துத் தள்ளியது. ஆலங்கட்டி முகத்தில் குத்தியது. "லெஸ்" என்று கூப்பிட்டாள். கத்திப் பழகாத குரல் கைப்பிடியைக்கூடத் தாண்டவில்லை. மூட்டத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. உயிரைக் கொடுத்து மிதித்தாள். கம்பம். இன்னொன்று. அதுவும் கம்பம். அவள் சொன்ன பொய்யை நட்டுவைத்தது போல வழியெல்லாம் நின்றன. தாண்டி வந்துவிட்டோமோ? சரிவில் உருண்டிருப்பானோ? இறங்கி இறங்கிப் பள்ளத்தை எட்டிப் பார்த்தாள். அழுதுகொண்டே மிதித்தாள்.

ஒரு கம்பத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். சைக்கிள் கிடந்தது, முன்சக்கரம் பஞ்சர். கையில் டியூப். விரல்கள் மடங்கவில்லை. போட்டிருந்த மெல்லிய சட்டையையும் கழற்றி, ஒழுங்காக மடித்துப் பக்கத்தில் வைத்திருந்தான்.

"புழுக்கமா இருக்கு" என்றான். நாக்கு குழறியது.

உடம்பில் நடுக்கமே இல்லை. குளிரில் நடுக்கம் நின்று, புழுங்குவது போல இருந்தால் ஆபத்து என்று சொல்லிக் கொடுத்தவனே அவன்தான். தன் மேல்சட்டையைக் கழற்றி அவனுக்கு மாட்டிக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கல்லைக் கட்டிப்பிடித்தது போல இருந்தது.

"தூங்காத லெஸ். ஏதாவது பேசு."

"நீ பேசு" என்றான். கண் மூடியது.

வண்டிச் சத்தம் கேட்டது. நின்று கையாட்டினால் மூட்டத்தில் தெரியாது. தன் சைக்கிளைத் தூக்கி நடுரோட்டில் குறுக்கே போட்டாள். அதன் முன்னால் நின்று, தொண்டை கிழியக் கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

டிரக் சறுக்கி நின்றது. ஏரிக்கரைக் குடிசைக்கு மீன்பிடிக்கப் போகிற ஆள்.

"சாகறதுக்கு வேற ரோடு கிடைக்கலையாம்மா?" என்று இறங்கியவன் லெஸ்ஸைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டான். சைக்கிள்களைப் பின்னால் எறிந்தான். சூட்டுக்காகத் தன் நாயையும் லெஸ்ஸின் மடியில் ஏற்றிவிட்டான். "பேரு பிஸ்கட். கடிக்காது" என்றான்.

மியெனாவில் ஆம்புலன்ஸ்காரி அவனை வாங்கிக்கொண்டாள். "நடுங்க ஆரம்பிச்சிருக்காரு. அது நல்லதுதான். இதயத்துடிப்புதான் சரியில்ல. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது. லான்செஸ்டனுக்குக் கொண்டுபோறோம்." கதவைச் சாத்தினாள். அதற்குள் மூட்டம் விலகி, ஏரி முழுக்க வெயில், ஒன்றுமே நடக்காதது போல.

ஹெதரின் மகன் வேனை அங்கேயே கொண்டுவந்தான். டேரல் நொண்டிக்கொண்டே நாலு சைக்கிளையும் ஏற்றிக் கட்டினான். முன்சீட்டில் உட்கார்ந்து, பழக்கதோஷத்தில் வாய் தவறிக் கேட்டுவிட்டான். "எல்லாரும் வந்தாச்சா?"

கேட்டதும் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஹெதர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

நெரிடா திரும்பிப் பார்த்தாள். காலி சீட்டை ஒரு தடவை. மறுபடி ஒரு தடவை.

"இல்ல" என்றாள். "லெஸ் வரல."

வண்டி கிளம்பவில்லை. நெரிடா ஹெதரின் மகன் பக்கம் குனிந்தாள்.

"வீட்டுக்கு வேண்டாம். ஆஸ்பத்திரிக்கு விடு தம்பி. அங்க தடிப் போர்வை எந்த அலமாரியில இருக்கும்னு எனக்குத் தெரியும்."