வேலிக்கு அந்தப் பக்கத்துப் பால்

சாதகம் பார்க்காமல் கல்யாணம் பேசினாலும் பேசுவார், குலம் பார்க்காமல் ஆடு வாங்க மாட்டார் என்று என் அப்பாவைப் பற்றி அம்மா சொல்வதுண்டு. ஊரில் மற்றவர்களுக்கு ஆட்டுப் பால் என்றால் வெறும் ஆட்டுப் பால். அப்பாவுக்கு அப்படியில்லை. சுன்னாகத்தில் தெரிந்தவர் ஒருவர் வளர்த்த சானன் என்ற சீமை ஆட்டின் பாலை ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு, மணமும் இல்லை குணமும் இல்லை, கழுவித் துடைத்த பால் என்றார். நாட்டாட்டுப் பால் மொச்சை அடிக்கும், கிடாய் வாடை வரும் என்றார். பால் என்றால் ஜமுனாபாரி ஆட்டுப் பால்தானாம். ஆறவைத்தால் ஆடை திரண்டு நிற்கும், குடித்த பிறகும் நாக்கில் அதன் கனம் இருக்கும் என்று, ஏதோ தானே கறக்கிற மாதிரிப் பெருமையாகச் சொல்வார்.

எங்கள் கொட்டிலில் நின்றதும் ஒரு ஜமுனாபாரிதான். ஒரு சாணுக்கு மேல் தொங்கும் காது, கிளி மூக்கு, கோயில் தர்மகர்த்தாவின் நடை. அதற்குப் பக்கத்திலேயே அதே குலத்துக் கிடாய் ஒன்றையும் அப்பா கட்டியிருந்தார். மறியாட்டைக் கிடாயோடு சேர்க்க வேண்டியவர்கள் எல்லாரும் எங்கள் வீட்டுப் படலையைத்தான் தட்டுவார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா வீடு. அப்பாவுக்கு இருந்த ஒரே அண்ணன் அவர். அவரிடம் நின்றவை குட்டையான கறுப்பு நாட்டாடுகள். அப்பாவும் பெரியப்பாவும் கதைப்பதில்லை. யுத்தத்தில் இடம்பெயர்ந்து இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது காணி முழுக்கப் பற்றை, எல்லைக் கல்லைக் காணவில்லை. பழைய வேலி எங்கே நின்றது என்பதில் இருவருடைய ஞாபகமும் ஒரு முழம் வித்தியாசப்பட்டது. அந்த ஒரு முழத்துக்குள் அண்ணனும் தம்பியும் தொலைந்து போனார்கள். புதிதாகக் கிளுவைத் தடிகளைக் கதியாலாக நட்டு வேலி அடைத்தபோது, பக்கத்து வீட்டுப் பெண்கள் போய்வர எல்லா வேலியிலும் விடுகிற பொட்டு என்ற இடைவெளியைக்கூட விடவில்லை.

கதைப்பதில்லை என்றேனே தவிர, அவர்கள் கதைக்காத நாள் கிடையாது. சாடையில் கதைத்தார்கள். அப்பா தன் ஆட்டைப் பார்த்து ஏதாவது சொல்வார், பெரியப்பா தன் ஆட்டைப் பார்த்துப் பதில் சொல்வார். கட்டை ஆட்டுப் பாலை நாயும் நக்காது என்று இங்கே எங்கள் ஆட்டுக்குச் சொல்லப்படும். கிடாயைப் பக்கத்தில் கட்டிக்கொண்டு கறந்தால் பால் பன்னீரா மணக்கும் என்று அங்கே கறுப்பாட்டிடம் கேட்கப்படும். ஆடுகள் இரண்டும் தங்கள் பாட்டுக்குக் குழை தின்றுகொண்டிருக்கும். நான் அப்பாவின் கட்சி. பெரியப்பா வீட்டுப் பாலை வாழ்நாளில் ஒரு சொட்டுக் குடிக்காமலே அது மொச்சை என்று பள்ளிக்கூடம் வரைக்கும் சொல்லித் திரிந்தேன்.

எட்டு வயதில் எனக்கு டெங்கு வந்தது. தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தபோது காய்ச்சல் விட்டிருந்தது, ஆனால் உடம்பில் ஒன்றும் மிஞ்சவில்லை. சோறு தொண்டையில் இறங்காது. பசுப்பால் முன்பிருந்தே எனக்கு ஒத்துக்கொள்ளாது. அப்பா தன் ஜமுனாபாரியைத் தானே கறந்து, காய்ச்சி, ஆற்றி, பேணியில் ஊற்றிக்கொண்டு வந்தார். பேணி முகத்துக்குக் கிட்ட வரும்போதே கிடாய் நேரில் வந்து நிற்பது போல மணக்கும். குடித்தது அப்படியே திரும்பி வரும். பிறகு அவரே மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுன்னாகம் போய், தன் வாயால் பழித்த சானன் பாலை வாங்கி வந்தார். அதுவும் தங்கவில்லை. சுவரைப் பிடிக்காமல் என்னால் நிற்க முடியவில்லை. பிள்ளை கையை விட்டுப் போய்விடுவாளோ என்று அம்மா அடுப்படியில் இருந்து அழுதது எனக்குக் கேட்டது.

இனிமேல் பிள்ளைக்கு நானே கறக்கிறேன் என்று அம்மா கொட்டில் பொறுப்பை எடுத்துக்கொண்டார். கிடாயை வீட்டுக்குப் பின்னால் கோடிப்பக்கம் கொண்டுபோய்க் கட்டச் சொன்னார். அப்பா முணுமுணுத்தபடியே கட்டினார். அதற்கு அடுத்த காலை அம்மா நீட்டிய பேணியில் மொச்சை இல்லை. மெல்லிய இனிப்பு, அதற்குப் பின்னால் கச்சான் கடலையைக் கடித்தது போல ஒரு நெய்ச்சுவை. குடித்தேன். வயிறு ஏற்றுக்கொண்டது. எங்கள் ஆட்டுப் பால்தானா என்று கேட்டேன். பின்னே ஆருடைய ஆடு, கிடாய் போனதும் மணம் போய்விட்டது என்றார் அம்மா.

நான் மெல்ல மெல்ல எழும்பினேன். அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. கொட்டிலுக்குள் நின்று, நல்ல குலத்துப் பால்தான் பிள்ளையைத் தூக்கிவிட்டது என்று அடுத்த ஒழுங்கைக்கும் கேட்கும்படி ஆட்டிடம் சொன்னார். ஒரு சாடைக்கு இரண்டு சாடை திருப்பிக் கொடுக்கிற பெரியப்பா வாயே திறக்கவில்லை. அவர் தோற்றுவிட்டார் என்று நான் படுக்கையில் இருந்தபடியே சந்தோஷப்பட்டேன். பெரியப்பா வீட்டுக் கறுப்புக் குட்டிகள் மட்டும் அந்த நாட்களில் என்றும் இல்லாதபடி கொழுத்து, வேலிக்கு மேலால் தெரிகிற அளவுக்குத் துள்ளின.

போன வருடம் என் கல்யாணப் பந்தலுக்காக அந்த வேலியைக் கழற்றினார்கள். இப்போது அப்பாவும் பெரியப்பாவும் கதைக்கிறார்கள், அளவோடு. ஆட்கள் கதியால்களைப் பிடுங்கிக்கொண்டு வர, முருங்கைக்குப் பின்னால் ஓர் இடத்தைக் காட்டி அம்மா சிரித்தார். நீ குடித்த பால் இதாலைதான் வந்தது என்றார்.

நான் வாந்தி எடுக்கிற சத்தம் அந்த வளவுக்கும் கேட்டிருக்கிறது. அம்மா கிணற்றடியில் நிற்கிறார் என்று தெரிந்துகொண்டு பெரியப்பா தன் ஆட்டைக் கேட்டாராம்.

"பக்கத்து வளவிலை ஒரு பிள்ளை சத்தி எடுத்துச் சாகுது. நீ பாலை வைச்சுக்கொண்டு என்னடி செய்யிறாய்?"

அடுத்த காலை அம்மா முருங்கைக்குப் பின்னால் போய்ப் பார்த்தபோது ஒரு கதியால் பிடுங்கப்பட்டு, அந்த இடைவெளியில் மூடிய செம்பு ஒன்று இருந்தது. ஒரு கதியாலுக்காகத் தம்பியோடு கோபித்துக்கொண்ட மனிதர் தன் கையால் அதைப் பிடுங்கியிருந்தார். நாட்டாடு ஒரு பேணி கறந்தாலே பெரிய காரியம். குட்டிகளின் பங்கை எடுத்துத்தான் அந்தச் செம்பு நிறைந்தது. அது அம்மாவுக்குத் தெரியாதா? எங்கள் ஜமுனாபாரிப் பாலை அதே செம்பில் ஊற்றி அந்தக் குட்டிகளுக்குத் திருப்பி அனுப்பினார். என் வயிற்றுக்குக் கனத்த பால் அவற்றுக்கு நன்றாகவே செமித்தது. மூச்சு விடாமல் பால் தந்தவரையும், மூச்சு விடாமல் அதைக் கொண்டுவந்து ஊட்டியவரையும் நினைக்கும்போது, இந்த உடம்பு என்னுடையது மட்டும் என்று எனக்குத் தோன்றுவதில்லை. பந்தலில் பெரியப்பாவின் காலில் விழுந்தபோது கொஞ்சம் அதிக நேரம் விழுந்து கிடந்தேன். பிள்ளைக்குத் தலை சுற்றுதோ என்று அவர் பதறினார்.

அப்பாவுக்கு இது இன்றுவரை தெரியாது என்று அம்மா நம்புகிறார். நானும் அதைத் திருத்தவில்லை. அம்மாவுக்குத் தெரியாத ஒரு காலை எனக்குத் தெரியும்.

நான் தேறிக்கொண்டிருந்த அந்த நாட்களில் ஒரு நாள், அம்மா எனக்காக வைத்த நேர்த்தியை நிறைவேற்றக் கோயிலுக்கு வெள்ளெனவே போய்விட்டார். திரும்பி வர நேரமாகியது. பிள்ளைக்குப் பசிக்கும் என்று அப்பா தானே ஆட்டைக் கறந்து, காய்ச்சி, பேணியில் கொண்டுவந்தார். கிடாய் கோடிக்குப் போய் நாளாகியிருந்தது, பாலில் பழைய மணம் இல்லை. ஆனாலும் ஒரு வாய் குடித்ததும் நாக்கில் ஒரு கனமும் இலேசான உப்பும் ஏறின. நான் பேணியைத் தள்ளினேன்.

"இது எங்கடை பால் இல்லை, அப்பா. பெரியப்பா வீட்டுப் பால். எனக்கு வேண்டாம்."

அப்பாவின் கையில் கறந்த பாலின் பிசுக்கு இன்னும் போகவில்லை. அவர் பேணியையும் என்னையும் பார்த்தார்.

"அப்ப நீ நெடுகக் குடிக்கிறது?"

"அதுதான் எங்கடை. அது இனிக்கும்."

கண்ணை மூடிக்கொண்டும் என்னால் சொல்ல முடியும் என்று வேறு சேர்த்துச் சொன்னேன். அப்பா என் மிச்சப் பாலை நின்றபடியே கடைசிச் சொட்டு வரை குடித்தார். பிறகு கொட்டிலுக்குப் போனார். நான் சுவரைப் பிடிக்காமலே அவருக்குப் பின்னால் நடந்து போனேன். அவர் எங்கள் ஆட்டின் முதுகில் கையை வைத்துக்கொண்டு, முகத்தை வேலிப்பக்கம் வைத்துக்கொண்டு, வழக்கத்தைவிட மெதுவாகச் சொன்னார்.

"பிள்ளை இப்ப எழும்பி நடக்கிறாள். இனியும் அந்தப் பால்தான் வேணும். நிப்பாட்டிப்போடாதை."

வேலிக்கு அந்தப் பக்கம் பெரியப்பா தன் கறுப்பாட்டிடம் "ஓம்" என்றார்.

அந்த ஆடு அவரிடம் ஒன்றும் கேட்கவில்லையே என்று நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.