மூக்குக்கண்ணாடியை மறந்தவன்

ஜெர்மனியின் எம்டன் துறைமுகச் சரக்குக் கிடங்கில் ஓனோவைத் தெரியாதவர் கிடையாது. ஆள் தங்கம், மறதிதான் ஜாஸ்தி என்பார்கள். எங்கே போனாலும் மூக்குக்கண்ணாடியை வீட்டிலேயே விட்டுவிடுவானாம். ஓட்டலில் என்ன இருக்கிறதென்று மனைவி கேசினேதான் படித்துச் சொல்வாள். ஐம்பது தாண்டியவனுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது என்பது, அட, கட்டியவளுக்கே தெரியாது.

போன வருடம் கிடங்கில் எல்லாவற்றுக்கும் கம்ப்யூட்டர் திரை வைத்துவிட்டார்கள். இனி தப்ப முடியாதென்று ஓனோ செவ்வாய்க்கிழமை மாலை வகுப்பில் சேர்ந்தான். கேசினேயிடம் ‘வேலை சம்பந்தமான படிப்பு’ என்றான். அது பொய்யும் இல்லை. ஆனால் அவளோ வரி ஆபீசுக்கு ஒரு சென்ட்கூடச் சும்மா விடாத மகராசி. வேலைக்காகப் படித்தால் அந்தச் செலவை வருமானத்தில் கழிக்கலாமே! அவனை வரி ஆலோசகரிடம் இழுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ஆலோசகர் ஆலர்ஸ் அம்மாள் தேநீர் ஊற்றினாள்.

“என்ன படிப்பு சார்?”

ஓனோ கோப்பையை நகர்த்தினான். “சும்மா… பொழுதுபோக்குக்கு.”

“பொழுதுபோக்குன்னா கழிக்க முடியாதே.”

“வேணாம், விட்டுடுங்க.” கரண்டியைக் கோப்பைக்குள் போட்டான். போதும், கிளம்புகிறேன் என்று அந்த ஊரில் அதற்கு அர்த்தம்.

கேசினே அந்தக் கரண்டியை எடுத்து வெளியே வைத்தாள். “உக்காரு. எங்கிட்ட வேலைன்னே, இங்க பொழுதுபோக்குங்கிறே. செவ்வாக்கிழமை எவ வீட்டுக்குப் போறே?”

எழுதப் படிக்கத் தெரியாதவன் என்பதைவிட அந்தக் கெட்ட பெயரே தேவலை என்று ஒரு கணம் நினைத்தான், பாவி. அவள் கண் கலங்கியதைப் பார்த்ததும் அப்படி நினைத்ததற்கே வெட்கமாகப் போய்விட்டது.

சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டினான். மேஜைமேல் கிடந்த தாளை இழுத்து, முதல் வரியில் விரலை வைத்தான்.

“வ… ரு… மா… ன… வரி.” காது மடல் எரிந்தது. “செவ்வாக்கிழமை இதைத்தான் கத்துக்கிறேன்.”

ஆலர்ஸ் அம்மாள் தொண்டையைச் செருமினாள். “இது வேலைக்குத்தானே சார்? மேனேஜர்கிட்ட ஒரு வார்த்தை எழுதி வாங்கிட்டு வாங்க, வரி ஆபீசுல கேட்டுப் பாக்கலாம்.”

மேனேஜரிடமுமா! ஓனோ தலையை இன்னும் தாழ்த்திக்கொண்டான்.

“அப்போ,” என்றாள் கேசினே, “தினம் உன் சாப்பாட்டு டப்பாவுல நான் எழுதி வச்ச சீட்டெல்லாம்?”

“எல்லாம் பத்திரமா இருக்கு. இப்பத்தான் முதல் சீட்டை முடிச்சேன்.”

“என்ன எழுதியிருந்தேன்?”

“வெங்காயம் வாங்கிட்டு வரணுமாம்.” அவன் நிமிரவில்லை. “உங்கம்மா சாப்பிட வர்றாங்களாம்.”

கேசினேயின் அம்மா போய்ச் சேர்ந்து எத்தனையோ வருடமாகிறது.