மொய்க்குப் போன நோட்டீஸ்

"யார் யாருக்குத் தரணுமோ, ஒருத்தர் விடாம எழுதிட்டு வாங்க சார். ஒரு பேரு விட்டுப்போனாக்கூட அந்தக் கடன் உங்க கழுத்துலயே நிக்கும்" என்றார் வக்கீல் அம்மா.

வங்கியையும் ஃபைனான்ஸ்காரர்களையும் மனதில் வைத்துத்தான் அவர் அதைச் சொன்னார். நான் அதை எழுத்துக்கு எழுத்து எடுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட நாளிலிருந்தே நாட்குறிப்பு எழுதுகிறவன் நான். எதையும் விட்டுவிடக் கூடாது என்று யாராவது சொன்னால் எனக்கு ஒரு சந்தோஷமே வந்துவிடும்.

அப்போது என் கடையை மூடியாகிவிட்டது. திருவண்ணாமலையில் பந்தல், நாற்காலி, பாத்திரம் எல்லாம் வாடகைக்கு விடும் கடை. கல்யாணம், காதுகுத்து தவிர, பௌர்ணமிக்கு கிரிவலப் பாதையில் அன்னதானம் செய்கிறவர்களுக்கும் அண்டாவும் அடுப்பும் எங்களிடமிருந்துதான் போகும். வியாபாரம் நன்றாக இருக்கிறதே என்று வங்கிக் கடனில் இரும்புப் பந்தலும் மெத்தை வைத்த நாற்காலிகளும் வாங்கிப் போட்டேன். அடுத்த வருடம் கொரோனா வந்தது. கல்யாணங்கள் வீட்டுக்குள்ளேயே நடந்தன. கிரிவலத்துக்குத் தடை. வங்கித் தவணைக்கு ஃபைனான்ஸில் வாங்கினேன், ஃபைனான்ஸுக்குத் தின வசூல்காரரிடம் வாங்கினேன், அவருக்குக் கட்ட, தெரிந்தவர்களிடம் கைமாற்று வாங்கினேன். ஊரடங்கு முடிந்து கல்யாணங்கள் திரும்பவும் தொடங்கியபோது வருகிற வாடகை வட்டிக்கே போதவில்லை. போன் மணி அடித்தால் என் மனைவி அடுப்பைக் குறைத்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பாள். கடைசியில் ஐ.பி. போடுவதென்று முடிவாயிற்று. இருப்பதை நீதிமன்றத்தில் ஒப்படைத்துவிட்டு, இதற்குமேல் என்னால் முடியாது என்று மனுப் போடுவது. ஊரில் அதற்கு மஞ்சக் கடுதாசி என்று பெயர்.

வக்கீல் அம்மா கேட்ட பட்டியலை ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து எழுதினேன். எல்லாம் எழுதி முடித்த பிறகும் ஏதோ விட்டுப்போனதாகவே இருந்தது. யோசித்ததில் மகளின் மஞ்சள் நீராட்டு விழா ஞாபகம் வந்தது. அன்றைக்கு வந்த மொய்யில் பாதிக்கு மேல் நான் இன்னும் திருப்பிச் செய்யவில்லை. மொய் வாங்கினால், அவர்கள் வீட்டு விசேஷத்தில் நாம் அதைக் கொஞ்சம் கூட்டி எழுத வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, எல்லோருக்கும் தெரியும். தர வேண்டியதுதானே? பாக்கியிருந்த எல்லோரையும் முகவரியோடு அழகாக எழுதிச் சேர்த்தேன். கீழ்பென்னாத்தூரில் இருக்கும் என் அக்காவின் கணவர் பெயரை முதலில் எழுதினேன். அவர்தான் அதிகமாக வைத்தவர், ஐயாயிரத்து ஒன்று. வக்கீல் அலுவலகத்தில் டைப் அடித்தவர், மொய் என்று தலைப்புப் போட வழியில்லாமல், அவர்களையும் கைமாற்று என்ற தலைப்பின் கீழ் கொண்டுபோய் விட்டார். நான் சரிபார்த்தேன். ஒரு பெயர்கூட விடுபடவில்லை என்று கையெழுத்துப் போட்டேன்.

நீதிமன்றத்திலிருந்து அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போனது.

அக்காதான் முதலில் போன் செய்தாள். "டேய், உங்க மாமாவுக்கு கோர்ட்லேருந்து வந்திருக்குது. கெழங்குக் காட்டுல நின்னுனு இருந்த மனுசன கூப்ட்டு கையெழுத்து வாங்கிக் குடுத்திருக்கான் போஸ்ட்மேன். நெலத்துல ஏதோ கேசுன்னு பயந்துபோயி டீக்கடையில குடுத்துப் படிக்கச் சொன்னாரு. அங்கயே எல்லாரும் சிரிச்சிட்டாங்க."

"அக்கா, அது வந்து..."

"மொய்ய நாங்க கடனாவாடா குடுத்தோம்? திருப்பிச் செய்ய முடியாதுன்னு கோர்ட்ல எழுதிக் குடுத்திருக்கியே, அப்ப எங்க வூட்டு விசேஷத்துக்கு வரமாட்டேன்னுதானே அர்த்தம்? எம் பொண்ணு நெத்தியில யாருடா பட்டம் கட்டுவா?"

எங்கள் பக்கத்தில் கல்யாணப் பெண்ணுக்குத் தாய்மாமன்தான் நெற்றியில் பட்டம் கட்ட வேண்டும். அக்காவுக்கு ஒரே பெண், அவளுக்கு ஒரே தாய்மாமன் நான். அப்போது அவள் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். நான் பதில் சொல்வதற்குள் அக்கா போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு அவளும் பேசவில்லை, மாமாவும் பேசவில்லை.

வக்கீல் அம்மாவிடம் ஓடினேன். அவர் பட்டியலைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "சார், மொய்யையா எழுதுனீங்க?"

"ஒருத்தர் விடாமன்னு சொன்னீங்களே மேடம்."

"சொன்னேன் சார். கடங்காரன் ஒளிச்சு வப்பான்னு சொன்னேன். இப்பிடி ஜாஸ்தியா ஒருத்தர் எழுதுவார்னு எனக்கெப்பிடித் தெரியும்?" சிரிப்பை அடக்கிக்கொண்டு, அந்தப் பெயர்களை நீக்கச் சொல்லி மனு ஒன்று போட்டார். நீதிமன்றத்தில் நீக்கிவிட்டார்கள். ஆனால் மொய்க்கு மஞ்சக் கடுதாசி கொடுத்தவன் என்ற பெயரை நீக்க எந்த மனுவும் இல்லை. வந்த நோட்டீஸ் வெறும் வெள்ளைத் தாள்தான். அதை யாரிடம் சொல்வது?

கடைச் சாமான்களைக் கணக்கெடுக்க நீதிமன்றத்திலிருந்து வந்தவர்கள் வீட்டுக்கும் வந்தார்கள். சமைத்துச் சாப்பிடத் தேவையானதை விட்டுவிடுவார்கள் என்று வக்கீல் அம்மா சொல்லியிருந்தார். சிக்கல் என்னவென்றால், எங்கள் வீட்டுக் குண்டான், கரண்டி, தாம்பாளம் எல்லாவற்றிலும் கடையின் எழுத்து வெட்டியிருந்தது. கடையிலிருந்து ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்தவை.

"கடை எழுத்து இருக்குதேம்மா" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"எழுத்து கடையோடதுங்க. சோறு எங்களோடது" என்றாள் என் மனைவி. அவர் வீட்டுக்கு வேண்டியதை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றதை மட்டும் எழுதிக்கொண்டு போனார். தின வசூல்காரரிடம் கேட்ட வார்த்தைகளுக்குப் பிறகு, இவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்தது எனக்குப் பெரிதாகத் தெரிந்தது.

வேங்கிக்காலில், கலெக்டர் ஆபீஸைத் தாண்டி, மாடியில் இரண்டு அறைக்கு வாடகைக்குப் போனோம். எனக்குப் போட்டியாகக் கடை வைத்திருந்தவரே என்னை வேலைக்குக் கூப்பிட்டார். "உன்ன மாதிரி கரண்டி வரைக்கும் எண்ணி வாங்கறவன் எனக்குக் கெடைக்கமாட்டான்யா" என்றார். ஏலத்தில் என் அண்டாக்களை எடுத்தவரும் அவர்தான். ஆக, என் எழுத்து வெட்டிய அண்டாக்களை அவருடைய வண்டியில் நானே ஏற்றி அனுப்பினேன். முதல் வாரம் எழுத்து தெரியாதபடி திருப்பி வைத்தேன். அப்புறம் அதற்கெல்லாம் நேரமில்லாமல் போயிற்று. மனைவி இட்லி மாவு அரைத்து அக்கம்பக்கத்து வேலைக்குப் போகிற பெண்களுக்கு விற்றாள். மாதம் பிறந்தால் சம்பளம், அதற்குள் வாடகை, மளிகை, மகளின் படிப்பு. எதையும் தவணையில் வாங்குவதில்லை. மிக்ஸி ரிப்பேரானபோது மூன்று மாதம் அம்மியிலேயே ஓடியது.

கடன் கொடுக்கிறேன் என்று போன் வருவது மட்டும் நிற்கவில்லை. ஒருமுறை ஒரு பெண்ணிடம், "நான் ஐ.பி. போட்டவம்மா" என்றேன். "அப்படிங்களா சார்? அப்ப உங்க மிஸ்ஸஸ் பேர்ல பாக்கலாமா?" என்றாள். பக்கத்திலிருந்த மனைவி அப்படிச் சிரித்து அந்த வருடத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

கல்யாணங்களில் நாற்காலி இறக்கப் போகும்போது உறவுக்காரர்கள் கண்ணில் படுவார்கள். "மொய் எழுதலாமா வேணாமா? பின்னாடி நோட்டீஸ் கீட்டீஸ் வந்துடப்போவுது" என்பார்கள். நானும் சிரித்துவிட்டு நாற்காலிகளை எண்ணுவேன்.

பிறகு நீதிமன்றம் என்னை விடுவித்து உத்தரவு போட்டது. "இனிமே அந்தப் பழைய கடன் எதுவும் உங்கள ஒண்ணும் செய்யாது சார். நிம்மதியா தூங்குங்க" என்றார் வக்கீல் அம்மா. பெரிய கடன்களெல்லாம் தீர்ந்தன. மொய்க்காரர்களின் பெயரை முன்பே நீக்கியிருந்ததால், அவர்களுக்குத் தர வேண்டியது மட்டும் அப்படியே நின்றது. சம்பளத்தில் மிச்சம் பிடித்து முதலில் அக்கா வீட்டுக்குச் சேர்த்தேன். சேர்ந்து முடிகிற சமயத்தில் ஒரு சேதி வந்தது. அக்கா பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, பத்திரிகையும் அடித்துவிட்டார்கள். எங்களுக்கு மட்டும் வரவில்லை.

ஒரு கவரில் ஐயாயிரத்து ஒன்றைப் போட்டுக்கொண்டு கீழ்பென்னாத்தூருக்குப் பஸ் ஏறினேன். பணத்தைக் கொடுத்துவிட்டு வந்துவிட வேண்டும், கல்யாணத்தைப் பற்றி நானாகக் கேட்கக் கூடாது என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டு போனேன்.

மாமா வாசலில் மணிலாக்கொட்டையை, அதான் வேர்க்கடலையை, காயவைத்துக் காலால் கிளறிக்கொண்டிருந்தார். "வா" என்றார். வழக்கமாகச் சொல்லும் மச்சானைச் சேர்க்கவில்லை. அக்கா தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றாள்.

"கோர்ட்டு முடிஞ்சிட்சா?"

"முடிஞ்சிடுச்சி மாமா."

"அப்ப யாருக்கும் தர வேணாம்."

"உங்களுக்குத் தரணும்" என்று கவரை நீட்டினேன்.

"இன்னாது இது?"

"மொய் மாமா. பாப்பா சடங்குக்கு நீங்க வச்சது."

அவர் கவரைத் தொடவில்லை. வாசலை ஒரு சுற்று பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு அக்காவைத் திரும்பிப் பார்த்து, "ஏம்மே, இன்னிக்கி நம்ம வூட்ல இன்னா விசேஷம்? பந்தலு போட்டிருக்குதா? மைக்செட்டு எங்க?" என்றார்.

அக்கா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள்.

"மொய்ய கவர்ல போட்டு பஸ்ஸேறி வந்து குடுக்கறவன இன்னிக்குத்தான்யா பாக்கறேன். நான் இன்னா வட்டிக்காரனா? அன்னிக்கி அனுப்பனதும் தப்பு, இன்னிக்கி குடுக்கறதும் தப்பு. எடுத்து உள்ள வய்யி."

"மாமா..."

"எப்ப எழுதணுமோ அப்ப வந்து எழுது. எல்லாரு மாதிரியும் வரிசையில நின்னு எழுது."

கவர் கையிலேயே இருந்தது. அதற்குள் அக்கா உள்ளே போய்த் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு பத்திரிகையை எடுத்துவந்தாள். தாய்மாமன் என்று போட்டு அதில் என் பெயர் இருந்தது.

"அடிக்கறப்பவே போட்டாச்சிடா" என்றாள். "கொணாந்து குடுக்கத்தான் இவுரு கெளம்பல. அவனா வரட்டும், அவனா வரட்டும்னு இந்த ஒரு மாசமா எங்கிட்ட சண்ட."

"பின்ன? எனக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பனவனுக்கு நானும் தபால்லதான் அனுப்பணும்" என்றார் மாமா. அக்கா சிரிக்க ஆரம்பித்து, பிறகு அழுதாள். நான் மணிலாக்கொட்டையை மிதித்துவிடாமல் சுற்றிப் போய்த் தாம்பாளத்தை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கவரை மனைவியிடம் கொடுத்தேன். பிரித்துப் பார்த்துவிட்டு, "அப்பிடியே ஐயாயிரத்து ஒண்ணா? உங்களுக்கு எல்லாம் சரியாத்தான் இருக்கணும். கூட்டி வக்கலன்னா கணக்க முடிச்சிக்கிறோம்னு ஆயிடாது?" என்றாள். மாவு விற்ற பணத்திலிருந்து ஆயிரம் ரூபாயை எடுத்து உள்ளே வைத்தாள். பட்டத்துக்கும் புடவைக்கும் அவள் தனியாகச் சேர்த்து வைத்திருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்யாணத்தன்று பட்டம் கட்டும்போது முடிச்சு இரண்டு முறை நழுவியது. "மாமா, மெதுவா. யாரும் தொரத்தல" என்றாள் அக்கா பெண்.

பிறகு மொய் எழுதும் மேசைக்கு முன்னால் வரிசையில் போய் நின்றேன். எனக்கு முன்னும் பின்னும் நோட்டீஸ் வாங்கியவர்கள். ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டுச் சற்று நகர்ந்து இடம் விட்டார். என் முறை வந்தது. எழுதுகிறவர் பணத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, "தாய்மாமன், ஆறாயிரத்து ஒண்ணு" என்று மைக்கில் சொன்னார்.

மாமா எங்கிருந்தோ வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து என் தோளில் கையைப் போட்டார். "ஆயிரம் ஜாஸ்தி வச்சிட்டியா மச்சான்? இப்ப நாந்தான் ஒனக்குத் தரணும்" என்றார். "கவலப்படாத. எனக்கு ஐ.பி. போடத் தெரியாது. வா, மொதல்ல சாப்புடு."