என் முட்டிக்கு நானே சாட்சி

என் வலது முட்டியில், தழும்புக்கு வெளிப்பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மரத்துக் கிடக்கிறது. கிள்ளினால் தெரியாது. ஐஸ் கட்டி வைத்துப் பார்த்தேன், தெரியவில்லை. சூடான காப்பி டம்ளரை வைக்கப் போனபோது என் வீட்டுக்காரர் டம்ளரைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார். ஆனால் வலிப்பதும் அதே இடம்தான். தொட்டால் தெரியாத இடம் எப்படி வலிக்கும்? முட்டி மாற்றும் ஆபரேஷன் முடிந்து இரண்டு வருடமாக எனக்கு இதுதான் கேள்வி.

எதையும் துருவித் துருவிக் கேட்பது எனக்குத் தொழிலில் வந்த வியாதி. முப்பது வருடம் கோர்ட்டில் டைப்பிஸ்டாக இருந்தேன். கூண்டில் நிற்கிறவர் சொல்லச் சொல்ல, நீதிபதி அதை ஒழுங்குபடுத்திச் சொல்வார், நான் அடிப்பேன். வரப்புத் தகராறு, ஜீவனாம்சம், வெட்டுக்குத்து, எல்லாம் என் விரல் வழியாகத்தான் போயிருக்கிறது. யார் உண்மை சொல்கிறார், யார் சொல்லிக்கொடுத்ததைச் சொல்கிறார் என்று முகத்தைப் பார்க்காமல் குரலை வைத்தே கண்டுபிடித்துவிடுவேன் என்று எனக்கு ஒரு மிதப்பும் உண்டு. ரிட்டயர் ஆன பிறகு கேள்வி கேட்க ஆள் கிடைக்காமல் வீட்டுக்காரரைப் பாடாய்ப் படுத்தினேன். அப்புறம் முட்டி கிடைத்தது.

மாற்றுவதற்கு முன்பு இருந்த வலி வேறு. எலும்பும் எலும்பும் நறநறவென்று அரைபடும். மதுரை தல்லாகுளத்தில் எங்கள் வீடு மாடியில், பதினெட்டுப் படி. கீழே கீரைக்காரி குரல் கொடுத்தால் எனக்கு அழுகை வரும். சென்னையில் வேலை பார்க்கும் என் மகன்தான் ஒற்றைக்காலில் நின்று ஏற்பாடு செய்தான். இருபது நாள் லீவு போட்டுவிட்டு வந்து, என்னைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிக்கொண்டு போனான். வளர்ந்த பிள்ளை, ஒரு தடவைகூட முகம் சுளிக்கவில்லை. அப்படிப்பட்டவன் ஊருக்குக் கிளம்பும்போது, "வலி போயிருச்சுல்லம்மா?" என்று கேட்டால் நான் என்ன சொல்வேன்? "போயிருச்சுப்பா" என்றேன். சீக்கிரம் போய்விடும் என்று நானும் நம்பினேன்.

போகவில்லை. பழைய வலி போனது உண்மை. அதன் இடத்தில் புதுசாக ஒன்று குடிவந்துவிட்டது. ஆறு மாதம் கழித்து டாக்டரிடம் போனேன். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து, "படம் பிரமாதமா இருக்கும்மா" என்றார். படம் நன்றாகத்தான் இருந்தது, நானும் பார்த்தேன். சீழ் கீழ் இருக்கிறதா என்று ரத்தம் எடுத்தார்கள், அதுவும் சுத்தம். ஒரு வருடம் கழித்து வேறொரு டாக்டரிடம் போனபோது அவர் மட்டும் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்: "சில பேருக்கு இப்படி நிக்காம இருக்கும்மா. ஏன்னு முழுசா எங்களுக்கே தெரியாது." முப்பது வருடத்தில் தெரியாது என்று சொன்ன சாட்சி எத்தனை பேர் என்று விரல் விட்டு எண்ணிவிடலாம். அந்த மனுசன் மேல் எனக்கு மரியாதை வந்துவிட்டது. டாக்டருக்கே தெரியாதென்றால் நாமே விசாரிப்போம் என்று இறங்கினேன்.

விசாரித்ததில் சில சங்கதிகள் தெரிந்தன. காலையில் எழுந்த உடனே வலிக்காது, காப்பி குடித்து எழும்போது வலிக்கும். மார்க்கெட்டுக்கு நடந்து போய்விட்டு வந்தால் சும்மா இருக்கும், நாற்காலியில் ஒரு மணி நேரம் டிவி பார்த்துவிட்டு எழுந்தால் கடித்துக்கொள்ளும். மடக்கும்போது உள்ளே டொக்கென்று ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கும் வலிக்கும் சம்பந்தமே இல்லை. சத்தம் பாட்டுக்குச் சத்தம், வலி பாட்டுக்கு வலி. சின்ன வெங்காயம் உரிக்கும்போது வலிக்காது. உரித்து முடித்து, 'அட, வலிக்கலையே' என்று நினைத்த மறுகணம் வலிக்கும். முட்டி மழையைச் சொல்லும் என்று தெருவே சொல்கிறதே என்று ஒரு மாதம் காலண்டரில் குறித்துவைத்துப் பார்த்தேன். முட்டி சொன்ன மழையும் வரவில்லை, வந்த மழையை முட்டி சொல்லவும் இல்லை. மதுரையில் அம்புட்டு மழை எங்கே பெய்கிறது என்பது வேறு கதை.

இன்னொன்றும் கண்டுபிடித்தேன். படி இறங்கும்போது எது வலிக்கிற காலோ அதுதான் முதலில் கீழே போகும். நல்ல கால் மேல்படியில் நின்று, மடங்கி, உடம்பைத் தாங்கும். நாமாக நினைத்துச் செய்வதில்லை. வாய் என்ன சொன்னாலும் கால் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்லாது.

வாய் சொன்னது என்னவோ பொய்தான். பார்க்க வந்தவர்கள் எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வைத்துவிட்டு, "வலியெல்லாம் போயிருச்சுல்ல?" என்றுதான் கேட்டார்கள். கோர்ட்டில் இதை லீடிங் கொஸ்டின் என்பார்கள். பதிலையும் சேர்த்தே வாயில் ஊட்டிவிடுகிற கேள்வி. தன் சாட்சியிடம் வக்கீல் அப்படிக் கேட்டால் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நிற்பார். எங்கள் வீட்டு ஹாலில் எழுந்து நிற்க யார் இருக்கிறார்கள்? பழம் வாங்கிக்கொண்டு, வெயிலில் பஸ் ஏறி வந்தவரிடம், "இல்லைங்க, இன்னும் வலிக்குது" என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிப்போகும். அதனால் எல்லாரிடமும் போயிருச்சு, போயிருச்சு.

ஒரு வருடம் முடிந்ததும் ஆஸ்பத்திரியில் இருந்து கூப்பிட்டார்கள். கல்யாண மண்டபத்தில் கூட்டம், முட்டி மாற்றியவர்கள் எல்லாம் வருகிறார்கள், நீங்கள் நன்றாகப் பேசுவீர்கள், இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று. எனக்குப் பெருமை தாங்கவில்லை, பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன். மேடையில் ஒரு பெண் மைக்கை நீட்டி, "அம்மா, இப்ப வலியே இல்லைல்ல?" என்றாள். "துளிகூட இல்லை. பதினெட்டுப் படி ஏறி இறங்குறேன்" என்றேன். படி ஏறி இறங்குவது உண்மை. கைதட்டினார்கள். மேடையை விட்டு இறங்கும்போது வலது கால்தான் முதலில் இறங்கியது. அதை நான் ஒருத்திதான் கவனித்தேன். மகன் அந்த வீடியோவைக் குடும்ப குரூப்பில் போட்டான். மாலைக்குள் எல்லாரும் கைகூப்புகிற படம் அனுப்பிவிட்டார்கள்.

அது முடிந்து சில மாதம் கழித்து என் தங்கச்சி போன் செய்தாள். செக்கானூரணிக்கு அங்கிட்டு அவளுக்குத் தோட்டம், நாலு மாடு. மாடு என்றால் அவளுக்கு உசுரு. புருசனைக்கூட அப்புறம்தான் விசாரிப்பாள். அவளுக்கும் வலது முட்டி தேய்ந்து நொண்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, நானும் முடிவு பண்ணிட்டேன். அடுத்த வாரம் அட்மிட். ரெண்டு முட்டியையும் ஒரே தடவையில மாத்தச் சொல்லிட்டேன்."

"ரெண்டா? எடது நல்லாத்தான இருக்கு?"

"இப்ப நல்லாருக்கு, நாளைக்குப் போயிருச்சுன்னா? ஒரே மயக்கம், ஒரே படுக்கை. உனக்குத்தான் போயிருச்சுல்ல, பெறகென்ன பயம். மூணு மாசத்துல குத்தவச்சு உக்காந்து நானே பால் கறந்துருவேன் பாரு."

ஆபரேஷனுக்குப் பிறகு நான் குத்தவைத்து உட்கார்ந்ததே இல்லை. இனி உட்காரக் கூடாது என்றே சொல்லியிருக்கிறார்கள். என் பேச்சை நம்பி நல்லாயிருக்கிற முட்டியை அறுக்கக் கொடுக்கப் போகிறாள். மாட்டுக்குப் பக்கத்தில் உட்கார முடியாமல் போனால் அவள் என்னவாவாள்? போனில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. "நாளைக்கு இங்க வா" என்றேன்.

மறுநாள் பதினோரு மணிக்கு, தூக்குவாளியில் பாலோடு, படிக்குப் படி உட்கார்ந்து எழுந்து வந்து சேர்ந்தாள். வந்த உடனே என் முட்டியைத்தான் பார்த்தாள். "தங்கமாட்டம் இருக்கு" என்றாள். நான் தண்ணீர் கொடுத்தேன். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. பொய்ச்சாட்சி சொல்லி மாட்டியவர்கள் எத்தனை பேர் கூண்டில் நின்று எச்சில் விழுங்கியதைப் பார்த்திருக்கிறேன். நானும் விழுங்கினேன்.

"எனக்கு வலி போகலடி" என்றேன்.

அவள் சிரித்தாள். கேலி என்று நினைத்திருக்கிறாள். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

"அப்ப அன்னிக்கு மைக்குல சொன்னது?"

"பொய்."

"ஊருக்குச் சொன்ன, சரி. ஒரே வவுத்துல பொறந்தவகிட்டயுமா?"

அழுதேன். என்னால் அவமானம் தாங்க முடியவில்லை. அவள் அழட்டும் என்று விட்டுவிட்டாள், சமாதானம் எல்லாம் சொல்லவில்லை. கோபமாகத்தான் இருந்தாள். பால் தூக்கைத் திறந்து, மூடி, திரும்பத் திறந்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இப்பவாச்சும் உள்ளத உள்ளபடி சொல்லு" என்றாள்.

சொன்னேன். அரைபடுகிற வலி போனதை, புது வலி வந்ததை, மார்க்கெட் போக முடிவதை, தரையில் உட்கார முடியாததை, மரத்த இடத்தை, டொக்குச் சத்தத்தை. அவள் என் முட்டியில் கைவைத்து மடக்கச் சொன்னாள். சத்தம் கேட்டதும் கையை எடுக்கவில்லை, இன்னொரு தடவை மடக்கச் சொன்னாள். "சூடாருக்கு" என்றாள். மாட்டு மடியைப் பார்க்கிற மாதிரி அவ்வளவு கவனமாகப் பார்த்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் தவிர யாரும் அந்த முட்டியைத் தொட்டுப் பார்த்ததில்லை.

"திரும்ப ஆபரேஷனுக்கு முன்னாடி போனா பண்ணுவியா, மாட்டியா?" என்று கேட்டாள்.

யோசித்தேன். நல்ல கேள்வி. எந்த வக்கீலும் இதைவிட நேராகக் கேட்டிருக்க மாட்டார். "பண்ணுவேன்" என்றேன். "அந்தப் பழைய வலியோட நான் இருந்திருக்க மாட்டேன். ஆனா வலிக்காத முட்டியைத் தொட விடமாட்டேன்."

அவள் பால் காய்ச்சிக் குடித்துவிட்டு, "சரி வாரேன்" என்று கிளம்பினாள். அந்த வாரம் அவள் அட்மிட் ஆகவில்லை. டாக்டரிடம் போய், குத்தவைத்து உட்கார முடியுமா முடியாதா என்று வாயைத் திறந்து கேட்டிருக்கிறாள். முடியாது என்று அவரும் சொல்லியிருக்கிறார். தச்சரிடம் உயரமாக ஒரு முக்காலி செய்யச் சொல்லி, அதில் உட்கார்ந்து பத்து நாள் கறந்து பழகிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் வலது முட்டியை மட்டும் மாற்றிக்கொண்டாள்.

நான் மகனிடமும் சொல்லிவிட்டேன். "இருக்குப்பா" என்றேன். "ஏம்மா சொல்லல" என்றான். அன்றிலிருந்து தினமும் இரண்டு உடற்பயிற்சி வீடியோ அனுப்புகிறான். வலியைக்கூடத் தாங்கிவிடலாம் போல.

தங்கச்சிக்கு ஆபரேஷன் முடிந்து நாலு மாதம். போன வாரம் போன் செய்தேன்.

"நல்லாருக்கேன்க்கா. வலியெல்லாம் போயிருச்சு" என்றாள்.

அந்தக் குரல் எனக்குத் தெரியும். மண்டபத்து மைக்கில் கேட்ட என் குரல்தான். பின்னால் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டது.

"மருமக பக்கத்துல இருக்காளா?"

"ஆமா."

அந்தப் பிள்ளைதான் அவளை நாலு மாதம் குளிப்பாட்டிவிட்டது. "போனை எடுத்துட்டுத் தொழுவத்துக்குப் போ" என்றேன்.

அவள் வீட்டு வாசலில் இருந்து தொழுவத்துக்கு மூன்று படி இறங்க வேண்டும். மூச்சு வாங்குவது கேட்டது. மாடு ஒன்று கத்தியது.

"வந்துட்டேன், சொல்லு."

"படி எறங்கயில எந்தக் கால் மொதல்ல போச்சு?"

மாடு திரும்பக் கத்தியது. அவள் அதை அதட்டவில்லை.

"வலதுதான்க்கா" என்றாள். குரல் உடைந்துவிட்டது.

அப்படியென்றால் அன்றைக்கு அறுபடாமல் தப்பிய இடது முட்டிதான் மேல்படியில் நின்று அவளைத் தாங்கியிருக்கிறது. போயிருச்சுல்ல, போயிரும்ல என்று ஏதாவது சொல்ல வாய் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டேன்.

"எங்க வலிக்குது, எப்ப வலிக்குது, எப்படி வலிக்குது? மெதுவாச் சொல்லு. எனக்கு ஒரு வேலையும் இல்ல."

அவள் மூக்கைச் சிந்திவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முடிக்கும்வரை நான் குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை.